கட்டைவிரல் ராசி

ஆனந்தராஜின் வலது கட்டைவிரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, கொண்டைக்கடலை பருமனுக்கு ஒன்று முளைத்திருந்தது. மேலெல்லாம் சொரசொரப்பு. காலிஃபிளவரில் ஒரு பூவைக் கிள்ளி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அது முளைத்த வருஷம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் விட்ட முதல் வலையிலேயே வெள்ளை இறால் அப்பிக்கொண்டு வந்தது. கரை சேர்ந்ததும் விசைப்படகின் சொந்தக்காரர் சுப்ராயன் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சம்டா மாப்ளே. சாதா மச்சம் இல்ல, லெச்சுமி மச்சம்."

கிளிஞ்சல்மேடு என்கிற அந்தக் கடலோர ஊரில் சுப்ராயன் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அன்றிலிருந்து அது மச்சமாயிற்று. வருஷாவருஷம் தடை முடிந்து படகு புறப்படும் அன்று, துறைமுகத்தில் சூடம் கொளுத்திப் பூசணிக்காய் உடைத்தபின் கடைசியாக ஒரு காரியம் நடக்கும். இழுவலையின் வாலில் மீன் வந்து சேரும் பை இருக்கிறதே, அதுதான் மடி. அந்த மடியின் மேல் ஆனந்தராஜ் தன் கட்டைவிரலை வைத்து அழுத்துவான். அப்புறம் சுப்ராயன் அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்து, வலது கண்ணில் ஒரு தரம், இடது கண்ணில் ஒரு தரம் ஒற்றிக்கொள்வார். பிறகுதான் கயிறு அவிழும்.

படகு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. கருப்பையன் என்றொருவன் சுப்ராயன் வீட்டு வாசலிலேயே தவம் கிடந்தான். "அந்த மச்சம் இருக்கிற மட்டும் எம் போட்டுக்கு ஆனந்தராஜுதான் டிரைவர்" என்று சுப்ராயன் ஊரறியச் சொல்லி அவனை அனுப்பிவிட்டார். ஆனந்தராஜுக்கு அது பெருமையாகவும் இருந்தது, ஒரு பக்கம் கடுப்பாகவும் இருந்தது. நீரோட்டம் பார்த்து, சேறு எது பாறை எது என்று தெரிந்து வலை விடுகிறவன் நான். பேர் வாங்குவது விரலா?

அவனுக்கு இன்னொரு கைவேலையும் உண்டு. கால் ஆணி எடுப்பான். செருப்பில்லாமல் ஈரத் தளத்தில் நின்று வலை இழுக்கிற கால்கள். பாதம் கெட்டிப்பட்டு, ஆணி விழுந்து, காலை ஊன்ற முடியாமல் போவது தொழிலோடு ஒட்டிய சமாசாரம். தடைக்காலத்தில் படகு கரையில் ஏறிக் கிடக்கும்போது ஆட்கள் வலைக்கூடத்தில் கூடி, கிழிந்த வலைக்கு ஒட்டுப் போடுவார்கள். ஆனந்தராஜ் ஒரு சட்டியில் வெந்நீரும் கல்லுப்பும் கலந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தன் காலையும் ஊறவைத்து, தன் மடியில் தூக்கிப் போட்டு, பாதி பிளேடால் சீவுவான். பிளேடு மொட்டையாகிற வரைக்கும் ஒரே பிளேடுதான். அதை ஏன் மாற்ற வேண்டும் என்று அவனுக்கும் தோன்றியதில்லை, காலைக் காட்டியவர்களுக்கும் தோன்றியதில்லை.

இந்த வருஷம் பஞ்சநாதன் கால்தான் படுத்திக்கொண்டிருந்தது. பஞ்சநாதன் ஆனந்தராஜின் மனைவி தையல்நாயகியின் தம்பி, அதே படகில் ஆள். குதிகாலுக்கு முன்னால் ஓர் ஆணி. சீவினால் பத்து நாள் சும்மா இருக்கும். மறுபடி முளைக்கும். முளைக்கும்போது பக்கத்தில் இரண்டு குட்டியையும் கூட்டிக்கொண்டு வரும்.

"வேரு உள்ள கெடக்குடா பஞ்சு. நான்தான் பயந்து பயந்து மேலாப்புல எடுத்துட்டேன்" என்று சொல்லி, தடை முடிய ஒரு வாரம் இருக்கையில் ஆனந்தராஜ் ஆழமாகவே இறக்கினான். ரத்தம் புள்ளி புள்ளியாகக் கிளம்பி, புள்ளியெல்லாம் சேர்ந்து வழிந்தது. பஞ்சநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மச்சான், நீங்க ஆணி எடுக்கிறீங்களா, கால எடுக்கிறீங்களா?" என்றான்.

மறுநாள் அவனால் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. நொண்டிக்கொண்டு அக்காள் வீட்டுக்கு வந்தவனைத் தையல்நாயகி பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கடல்ல மீன் வெட்டுறது போதாதுன்னு எந் தம்பி காலயும் வெட்டுனீங்களா? எடுங்க வண்டிய. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஒரு ஆணிக்கா ஆஸ்பத்திரி?"

"ஆணியோ கடப்பாறையோ, அவங்க சொல்லட்டும்."

தம்பியை நடுவில் உட்காரவைத்து, தானும் பின்னால் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ்மொழி என்று பேர். குரும்பகரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சேற்றுக்கால்கள் பார்த்துப் பழகியவள் என்பது, மூக்கைச் சுளிக்காமல் பஞ்சநாதன் பாதத்தைக் கையில் தூக்கிய தினுசிலேயே தெரிந்தது. முதலில் அந்தத் தடிப்பை மேலேயிருந்து பெருவிரலால் அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"தாங்கிக்கலாம்ங்க."

அப்புறம் இரண்டு பக்கமும் விரல் கொடுத்துக் கிள்ளிப் பிடித்தாள். பஞ்சநாதன் மேஜையை விட்டே எழும்பிவிட்டான்.

"இது ஆணி இல்லைங்க. ஆணின்னா மேலேருந்து அழுத்தினாத்தான் உசிர் போவும். இது பக்கத்துலேருந்து புடிச்சாத்தான் துள்ளுது. இங்க பாருங்க, பாதத்துல ரேகை ஓடுதுல்ல? ஆணியா இருந்தா ரேகை அது மேலயே ஓடும். இங்க வந்ததும் நின்னு, சுத்திகிட்டுப் போவுது பாருங்க. நடுவுல எள்ளு மாதிரி கறுப்புப் புள்ளி. அது அழுக்கில்ல, பொடி ரத்தக்குழாய் அடைச்சுப் போனது. மரு இது. நடந்து நடந்து உள்ள அமுங்கிக் கெடக்கு."

"மரு கழுத்துலதானேங்க வரும்?" என்று தையல்நாயகி புடவைத் தலைப்பை விலக்கித் தன் கழுத்தைக் காட்டினாள். தாலிக்கயிறு உரசும் இடத்தில் சின்னதாக இரண்டு மூன்று தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் வலை நைலான் நூலால் முடிச்சுப் போட்டிருந்தாள்.

டாக்டர் அந்த நூலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இதையும் ஊர்ல மருன்னுதான் சொல்றோம். ஆனா இது வெறும் தோல் தொங்கல். மெத்து மெத்துன்னு, காம்பு வச்சு ஆடும். யாருக்கும் ஒட்டாது, ஒண்ணும் பண்ணாது. நூலக் கட்டிப் புண்ணாக்காதீங்க. அவரு காலுல இருக்கிறது கிருமியால வர்றது. தொத்தும். எடத்துக்கு ஒரு வேஷம் போடும். கையில முள்ளுமுள்ளா நிக்கும். பாதத்துல அமுங்கிடும். சவரம் பண்ற மொகத்துல தட்டையா, பொடிப்பொடியா வரும். கண்ணு, உதடு ஓரத்துல நூலாட்டம் நீட்டிகிட்டு நிக்கும். எல்லாம் ஒரே கும்பல்தான். சரி, இத யாரு இப்படிக் கொத்திவிட்டது?"

பஞ்சநாதனின் கண் மச்சான் பக்கம் போய்த் திரும்பியது. டாக்டரும் அந்தக் கண் போன வழியே போய், ஆனந்தராஜ் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் கையைப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"மச்சம்ங்க."

"மச்சமா? யாரு சொன்னா?"

"எங்க ஓனரு."

டாக்டர் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். பழுப்பாக, மழமழவென்று ஒரு பொட்டு. "இதுதான் மச்சம். நம்ம தோல்லயே இருக்கிற நெறம். ஒரே மாதிரி இருக்கிற மட்டும் அது பாட்டுக்கு இருக்கும். பெருசானாலோ, நெறம் மாறினாலோ, ரத்தம் வந்தாலோ காட்டணும். மத்தபடி யாருக்கும் தொத்தாது. உங்க கையில இருக்கிறதத் தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருக்கா? உள்ள அதே கறுப்புப் புள்ளி இருக்கா? இவரு காலுல இருக்கிறதுக்கு இது அண்ணங்க."

"அப்ப லெச்சுமி?" என்றான் பஞ்சநாதன்.

"லெச்சுமி யாரு?" என்றாள் டாக்டர்.

தையல்நாயகி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனந்தராஜுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"எங்கிட்டேருந்துதான் அவனுக்குப் போச்சுங்களா?"

"அத யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஈரத் தளத்துல வெறுங்காலோட நின்னாலே வரலாம். ஆனா ஊறவச்ச காலு, ஒரே பிளேடு, அந்த விரலு... நீங்க அதுக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க."

பஞ்சநாதனுக்கு மருந்தும் மேலே ஒட்டப் பிளாஸ்திரியும் கிடைத்தன. புண் ஆறியபின் தினம் ஊறவைத்து, தனக்கென்று வைத்த கல்லால் தேய்த்து, மருந்து தடவி, மூடி வைக்க வேண்டும். மாதக்கணக்கு ஆனாலும் விடக்கூடாது. படகில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் நிற்கக்கூடாது. ஆனந்தராஜின் விரலை உறையவைத்து எடுத்துவிடலாம், இப்போதே வேண்டுமானாலும் செய்யலாம் என்றாள் டாக்டர்.

"தொழிலுக்குப் போய் வந்து பாத்துக்கிறேங்க" என்று எழுந்துவிட்டான்.

தையல்நாயகிக்குக் காரணம் தெரியும். வீட்டில் இறங்கியதும், "விரல வச்சிக்கிட்டு ஊரு பூரா வெதைக்கப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை வலைக்கூடத்தில் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆனந்தராஜ் வெந்நீர்ச் சட்டி கொண்டுவரவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்து குந்தினான்.

"காலக் காட்டுங்கடா."

"பிளேடு எங்கண்ணே?"

"காலக் காட்டுறா மொதல்ல."

ஒவ்வொருத்தன் காலாக எடுத்து, மேலேயிருந்து அழுத்தினான். பக்கத்திலிருந்து கிள்ளினான். ஒவ்வொரு காலும் வேறு வேறு சங்கதி சொல்லிற்று. சிலது அழுத்தும்போது அலறியது. நடுவில் கண்ணாடிச் சில் மாதிரி கெட்டி, ரேகை அதன் மேலேயே ஓடியது. சரி, ஆணி. சிலது கிள்ளும்போது துள்ளியது, உள்ளே எள்ளுப்புள்ளி. அதெல்லாம் அவன் போன வருஷமும் இந்த வருஷமும் சீவிய கால்கள். ஒரு காலில் மருவும் மருவும் ஒட்டி அடை மாதிரி படர்ந்திருந்தது. அந்தக் காலை அவன் எத்தனை தரம் மடியில் போட்டிருப்பான்.

"என்னண்ணே, கிள்ளிக் கிள்ளி வெளையாடுறீங்க? அண்ணி வீட்ல இல்லையா?" என்று சின்னவன் புகழேந்தி சொல்ல, கூடமே சிரித்தது. அவன் தாடையில் சவரக்கத்தி ஓடிய வழியெல்லாம் பொடிப்பொடியாய்த் தட்டை முண்டுகள் இருந்தன. வேர்க்குரு என்று அவன் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான்.

"சிரிக்காத. நீ ரேசரக் கொஞ்ச நாளைக்கித் தொடாத. நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போ. நான் சொல்ற ஆளுங்கள்லாம் போங்க. இது ஆணி இல்லடா, மரு. தொத்துறது. நான் ஒரே பிளேடு போட்டேன்."

வலையூசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடை படர்ந்த காலுக்குச் சொந்தக்காரன் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணே ஒங்க வைத்தியம். சும்மா வந்துச்சேன்னு காட்டுனேன்" என்றான். கோபமாகத்தான் சொன்னான். ஆனந்தராஜ் வாங்கிக்கொண்டான்.

"அப்ப ஒங்க விரல்ல இருக்கிறது?" என்றான் புகழேந்தி.

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சுப்ராயன் வந்துவிட்டார். படகுக்குப் பெயின்ட் அடித்து முடிந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. வந்ததும் வராததுமாய் ஆனந்தராஜைத் தனியாகக் கூப்பிட்டு, வலது கண்ணைத் தேய்த்துக்கொண்டே குனிந்து காட்டினார்.

"ஒரு அதிசயம் பாருடா மாப்ளே. ஒன் லெச்சுமி எங்கிட்டயும் வந்துட்டா. ரெண்டு மூணு மாசமா இருக்கு. யார்ட்டயும் சொல்லல. அல்லி மட்டும் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு உசிர வாங்குறா. ராசிய யாராவது அறுப்பானா?"

அல்லி அவர் சம்சாரம். ஆனந்தராஜ் பார்த்தான். வலது மேலிமையின் ஓரத்தில், மயிர்க்காலோடு மயிர்க்காலாக, நூல் நூலாய் நாலைந்து கிளை நீட்டிக்கொண்டு நின்றது ஒன்று. நெல் முளை மாதிரி. கண் சிவந்து நீர் கோத்திருந்தது. அவர் மறுபடி தேய்த்தார்.

போன தடைக்கு இந்த விரலை எந்தக் கண்ணில் முதலில் வைத்தார் என்று அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

சும்மா இருந்துவிடலாம். ஆமாம் மாமா, லெச்சுமிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த வருஷமும் ஸ்டியரிங் அவனுடையது. ஐந்து நாளில் படகு இறங்குகிறது. இன்னும் அவர் கண்ணில் அந்த விரல் ஒரு தரம் ஒற்றும்.

"மாமா, அதத் தேய்க்காதீங்க."

"ஏண்டா?"

"அது மரு. எங்கையில இருக்கிறதும் மருதான், மச்சம் இல்ல. நேத்து டாக்டர் பாத்துச் சொல்லிட்டாங்க. எங்கிட்டேருந்துதான் ஒங்களுக்கு வந்திருக்கும்."

சுப்ராயன் முகம் மாறியது. கூடத்துக்குள் வலையூசிகள் நின்றுவிட்டன.

"யார்ரா அவ டாக்டரு? அவளுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்? அன்னைக்கி மடில வந்த எறா மருவாலயா வந்துச்சு?"

"மருவாலயும் வரல, மச்சத்தாலயும் வரல மாமா. அன்னைக்கி மழைத்தண்ணி ஆத்துலேருந்து எறங்கிக் கலங்கிக் கெடந்துச்சு. கலங்கல்ல எறா மேயும்னு நான் வடக்க திருப்பி விட்டேன்."

"அப்ப நான் பைத்தியக்காரன். வருஷா வருஷம் மருவ எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்?"

அதற்கு ஆமாம் என்றுதான் ஆனந்தராஜ் சொல்ல வேண்டும்.

"சாவியக் குடு."

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சுப்ராயன் சாவியை மடித்த வேட்டியில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். போகும்போதும் கை கண்ணுக்குத்தான் போயிற்று. பாதியில் இறங்கிவிட்டது.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கருப்பையன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சுப்ராயன் வீட்டுக்குப் போனதைப் பார்த்ததாகத் தையல்நாயகியிடம் இரண்டு பேர் வந்து சொன்னார்கள். அவள் சோற்றைப் போட்டு, கெளுத்திக் குழம்பை ஊற்றினாள்.

"சொன்னது தப்பில்ல. சாப்புடுங்க. இந்தப் போட்டு இல்லாட்டி பட்டினத்துல ஒரு போட்டு."

"அங்க போனா நான் கடைசி ஆளா நின்னு வலதான் இழுக்கணும்."

"அவங்கல்லாம் இழுக்கலையா? இழுங்க."

அவனுக்கு அது உறைத்தது. ஆனாலும் இத்தனை வருஷமும் அந்த எஞ்சினின் இருமல்கூட அவனுக்கு அத்துப்படி. அதை இன்னொருத்தன் அதட்டுவான்.

வேலை போனபின் விரல் எதற்கு? அடுத்த நாள் காலை தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனான். தோல் பிரிவு வராந்தாவில் கிளிஞ்சல்மேடே உட்கார்ந்திருந்தது. அவன் அனுப்பிய ஆட்கள் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையில் இருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெரிய மனுஷர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அல்லி. ஆனந்தராஜைக் கண்டதும் அவள், "வாங்க தம்பி, இங்க எடம் இருக்கு" என்று தன் புருஷனுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து யாரோ அலறினார்கள்.

"யாரது?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"புகழேந்தியா இருக்கும்."

"மொகத்துக்கா?"

"ஆமா."

"கண்ணுக்கு எப்படிப் பண்ணுவாங்களாம்?"

"தெரியல மாமா. கேப்போம்."

தமிழ்மொழி டாக்டர் சுப்ராயனின் இமையை வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் தான் உறையவைக்க மாட்டேன் என்று சொல்லி, கண் டாக்டரை வரவழைத்தாள். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னக் கத்தரியால் அவர் அதை அடியோடு நறுக்கி எடுத்தார். சுப்ராயன் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. முடிந்ததும், "இவ்வளவுதானா?" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகவே கேட்டார். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவதாகவும், மறுபடி முளைத்தால் உடனே வரவேண்டும் என்றும் சொன்னார்கள்.

ஆனந்தராஜ் விரலில் புகை கக்கும் குளிர் மருந்தைப் பீய்ச்சினார்கள். முதலில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. பிறகு கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. கொப்புளம் எழும்பும், குத்தாதே, ஒரே தடவையில் போகாது, திரும்ப வரணும் என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

வெளியே டீக்கடையில் சுப்ராயன் ஒரு கண் கட்டோடு நின்றார். அல்லி சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"கருப்பையன நேத்து சாயங்காலம் எஞ்சின ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பண்ணுனான். அது இருமுச்சு. என்னடான்னேன். எல்லா எஞ்சினும் அப்படித்தான்னான்."

"டீசல் பில்டர்ல தண்ணி நின்னிருக்கும்."

"அதத்தான் நான் அவன்கிட்ட எதிர்பாத்தேன்." சுப்ராயன் டீயை ஊதினார். "ராத்திரி முச்சூடும் யோசிச்சேன். எறா வராத வருஷமும் இருந்துச்சு. அந்த வருஷமெல்லாம் ஒன் விரல நான் நெனச்சுக்கூடப் பாக்கல. வந்த வருஷத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டேன்."

வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்து, ஆனந்தராஜின் கட்டில்லாத கையில் வைத்தார்.

படகு இறங்கும் நாளில் துறைமுகத்தில் மேளச் சத்தமும் சூடப் புகையுமாக இருந்தது. ஆட்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பழக்கமில்லாமல் தொப்பு தொப்பென்று தளத்தில் நடந்தார்கள். பஞ்சநாதன் பூட்ஸுக்குள் பிளாஸ்திரி ஒட்டிய காலை மெதுவாக ஊன்றிப் பார்த்துக்கொண்டான். பூசணிக்காய் உடைந்தது. வழக்கம் போலக் கூட்டம் விலகி மடிக்கு வழிவிட்டது. ஆனந்தராஜ் கட்டுப் போட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். சுப்ராயனின் இரண்டு கையும் பழக்கத்தில் முன்னால் வந்தன. அந்தரத்தில் நின்றன. என்ன செய்வதென்று தெரியாமல், அப்படியே கூப்பிக் கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

"கயித்த அவுருங்கடா. என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

வெயில் ஏறும் நேரத்துக்கு முதல் மடி மேலே வந்தது. கொட்டினார்கள். காரல் நிறைய, கொஞ்சம் சங்கரா, கணவாய். இறால் ஒரு கூடை தேறும். புகழேந்தி மச்சம் படாத மடியை முதன்முதலாகப் பார்ப்பவன்போல எட்டிப் பார்த்தான். வயர்லெஸ்ஸில் சுப்ராயன் குரல் கரகரத்தது.

"என்னடா வந்துச்சு?"

"மொத மடில வழக்கமா வர்றதுதான் மாமா."

"எறா?"

"இருக்கு. ஒரு கூடை."

ஆனந்தராஜ் நீரின் நிறத்தைப் பார்த்து ஸ்டியரிங்கை மெல்லக் கிழக்கே ஒடித்தான். கட்டுக்குள் விரல் விண்ணென்று தெறித்தது.

"சரி. அடுத்த இழுவைக்கு எங்க போற?"

"இன்னுங் கொஞ்சம் வெளிய. மாமா..."

"என்ன?"

"கண்ணத் தேய்க்காதீங்க."

"தேய்க்கலடா" என்றார் சுப்ராயன்.